ஃபெஞ்சல், 2024: புயலாகுமா ஆகாதா என்ற கேள்வியில் சிக்கிய புதுச்சேரி – கடலூர் கரை (நிகழ்வு ஆய்வு)

2024 நவம்பர் 30 இரவு 10.30 மணிக்கும் 11.30 மணிக்கும் இடையில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அப்போது காற்றின் வேகம் மணிக்கு 70 முதல் 80 கி.மீ. வரை இருந்தது, இடையிடையே 90 கி.மீ. வரை வீசியது. காற்றை மட்டும் வைத்து எடைபோட்டால் இது வலுக்குறைந்த புயல். 2011-இல் தானே புயலையும் 2020-இல் நிவர் புயலையும் தாங்கிய கரைக்கு இந்த வேகம் புதிதல்ல. ஆனால் டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. பக்கத்தில் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் அது 50 செ.மீ.-ஐ எட்டியது. அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் புதுச்சேரி ஒரே நாளில் கண்ட பெருமழை 2004 அக்டோபர் 31-இல் பெய்த 21 செ.மீ. மட்டுமே. அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இந்த ஒரு நாளில் இறங்கியது. புதுச்சேரியின் ஆண்டு சராசரியே 130 செ.மீ. அளவுதான்.

முன்னறிவிப்பு இல்லாமல் வந்த பேரிடர் என்று இதைச் சொல்ல முடியாது. செயற்கைக்கோள் பார்த்துக்கொண்டிருந்தது. காரைக்காலிலும் சென்னையிலும் மழை மேகங்களின் நகர்வை அளக்கும் டாப்ளர் ராடார்கள் சுழன்றுகொண்டிருந்தன. இந்திய வானிலை ஆய்வுத் துறை நாளுக்குப் பல முறை அறிக்கை வெளியிட்டது. நவம்பர் 30-க்கான சிவப்பு எச்சரிக்கையில் புதுச்சேரியும் விழுப்புரமும் கடலூரும் இடம்பெற்றிருந்தன. அப்படியிருந்தும் டிசம்பர் 1 காலையில் புதுச்சேரி கிருஷ்ணா நகர் மக்களை ராணுவம் படகில் வந்து மீட்க வேண்டியிருந்தது. அறிவிப்புக்கும் ஆயத்தத்துக்கும் நடுவில் விழுந்த இடைவெளி எது?

என் முடிவை முதலிலேயே வைத்துவிடுகிறேன். நவம்பர் 26 முதல் 29 வரை கரை முழுவதும் ஒரே கேள்வியைப் பேசிக்கொண்டிருந்தது: இது புயலாகுமா, ஆகாதா? தொலைக்காட்சி அதைத்தான் கேட்டது, தேநீர்க் கடையிலும் அதுவே பேச்சு. கடலுக்கான எச்சரிக்கையோ அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கவில்லை. தொடக்கத்திலிருந்தே நிலையாக ஒன்றையே சொன்னது: கடலுக்குச் செல்ல வேண்டாம். நிலத்தில் இருந்தவர்களுக்குத் தேவைப்பட்டவை வேறு: அது எவ்வளவு மெதுவாக நகர்கிறது, எங்கே நின்றுவிடக்கூடும், மழை எந்த ஆற்றின் மேற்பகுதியில் விழும். இந்த மூன்றும் புயலின் பெயருக்குப் பின்னால் மறைந்துபோயின.

நாள்வாரியாக நடந்தது

நவம்பர் மூன்றாம் வாரத்தின் முடிவில் நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்தியப் பெருங்கடல் பகுதியிலும் அதையடுத்த தென்கிழக்கு வங்கக் கடலிலும் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவானது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது வழக்கமான பிறப்பிடம். நவம்பர் 25-இல் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலமானது. 26-இல் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுவடைந்தது. 27-ஆம் தேதி புயலாகும் என்பது அப்போதைய கணிப்பு. நாளிதழ்கள் ஃபெஞ்சல் என்ற பெயரை அன்றே தலைப்புகளில் அச்சிட்டுவிட்டன. சவூதி அரேபியா முன்மொழிந்த பெயர் அது. காற்று மணிக்கு 62 கி.மீ.-ஐத் தொடும்வரை அந்தப் பெயரை அதிகாரப்பூர்வமாகச் சூட்ட முடியாது.

27-இல் புயலாகவில்லை. இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டியபடியே மெல்ல வடக்கு, வடமேற்காக ஊர்ந்தது. கிழக்கு இலங்கை வெள்ளத்தில் மூழ்கியது. நம் டெல்டா மாவட்டங்களிலும் காரைக்காலிலும் கனமழை பெய்தது. 28-இலும் புயலாகவில்லை. அதன் பின் வந்த அறிக்கைகள், இது ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கக்கூடும் என்று மாற்றிக் கூறின. ‘புயல் இல்லை’ என்ற செய்தி ஊரெங்கும் பரவியது. அடுத்த நாள், 29-ஆம் தேதி பிற்பகலில், அது புயலாகிவிட்டது.

30-ஆம் தேதி நண்பகல் முதல் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. மறுநாள் அதிகாலை நான்கு மணி வரை திறக்கவில்லை. அன்று பகல் முழுவதும் மாநிலத்தின் கண் சென்னை மீதே இருந்தது. மாலையில் கரையைக் கடக்கத் தொடங்கிய புயல், இரவு பதினொரு மணியளவில் கடந்து முடித்தது. இதற்குப் பின் நடந்ததுதான் இந்த நிகழ்வின் மையம். கரையேறிய புயல்கள் வழக்கமாக உள்நாட்டுக்குள் நடந்து தேய்ந்துபோகும். ஃபெஞ்சல் போகவில்லை. இரவு முழுவதும், மறுநாள் முற்பகல் வரையிலும், புதுச்சேரியின் பக்கத்திலேயே ஏறத்தாழ அசையாமல் நின்றது. டிசம்பர் 1 பகலில்தான் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக வலுவிழந்து மெதுவாக மேற்கே நகர்ந்தது. போகிற வழியில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் மீண்டும் ஒரே நாளில் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தார்கள். பிறகு அரபிக் கடல் பக்கம் போய்ச் சேர்ந்தது.

கணிப்பு ஏன் ஆடியது

வெப்பமண்டலக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் வளரச் சில நிபந்தனைகள் உண்டு. கடல் மேற்பரப்பு ஏறக்குறைய 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். நவம்பர் இறுதியிலும் தென்மேற்கு வங்கக் கடலில் அந்தச் சூடு இருக்கும். ஆகவே அது சிக்கலாக இருக்கவில்லை. நடு அடுக்குகளில் ஈரம் வேண்டும். மேலடுக்குக் காற்றும் கீழடுக்குக் காற்றும் திசையிலும் வேகத்திலும் அதிகம் முரண்படாமல் இருக்க வேண்டும். முரண்பட்டால் கீழே சுழற்சி ஓரிடத்தில் இருக்கும், மேலே மேகக் கூட்டம் வேறு பக்கம் தள்ளிப்போய்விடும். குளிர்கால வடகிழக்குக் காற்றோடு வடமேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் நுழைந்தால் மேகங்கள் வளராமல் கரைந்துபோகும். இவற்றோடு இலங்கை வேறு பக்கத்திலேயே நின்றது. சுழற்சியின் மேற்குப் பாதி தீவின் நிலத்திலும் மலையிலும் உராய்ந்துகொண்டிருந்த நாட்களில் அது வலுக்க முடியவில்லை. தீவை விட்டு விலகித் திறந்த கடலுக்கு வந்தபோது மூச்சு கிடைத்தது.

இவற்றில் எந்த ஒன்று சற்று மாறினாலும் வலு மாறிவிடும். மாறுகிற அளவு எவ்வளவு சிறியது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்றால் காற்று மணிக்கு 50 முதல் 61 கி.மீ.; புயல் என்றால் 62 முதல் 88 கி.மீ. நடுக்கடலில் இந்த வேகத்தை யாரும் கருவி வைத்து முழுமையாக அளப்பதில்லை. மிதவைகள் சில இருக்கின்றன, கப்பல்கள் அந்தப் பக்கம் போகாமல் ஒதுங்கிவிடும். பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்தில் மேகம் சுருண்டிருக்கும் விதத்தைப் பார்த்து, வெர்னன் டுவோராக் 1970-களில் வகுத்த முறைப்படி ஓர் எண் தருவார்கள். 2.0 என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 2.5 என்றால் புயல். அரை எண் வேறுபாடுதான். அந்த அரை எண்ணுக்காகத்தான் நான்கு நாள் கரை முழுவதும் காத்துக்கிடந்தது.

இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். இந்திய வானிலைத் துறை மூன்று நிமிடச் சராசரிக் காற்றை வைத்து வகைப்படுத்துகிறது; அமெரிக்கக் கடற்படையின் கூட்டு எச்சரிக்கை மையம் ஒரு நிமிடச் சராசரியைப் பயன்படுத்துகிறது. குறுகிய நேரச் சராசரி இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்கும். கைப்பேசியில் இரண்டு வரைபடங்களை ஒப்பிட்டுவிட்டு ‘இவர்கள் மறைக்கிறார்கள்’ என்று முடிவுகட்டியவர்கள், இரண்டு வேறு அளவுகோல்களைத்தான் ஒப்பிட்டார்கள்.

நகர்வுக்கு வருவோம். ஒரு புயல் தன் சொந்த வலுவால் பயணம் செய்வதில்லை. அதைச் சுற்றியுள்ள நடு அடுக்குக் காற்றோட்டம் அதை இழுத்துப்போகிறது. வங்கக் கடலின் கிழக்கே இருக்கும் உயர் அழுத்தப் பகுதி அதை வடமேற்காகத் தள்ளும். மேற்கே நிலப்பரப்பின் மேல் இன்னொரு உயர் அழுத்தப் பகுதி எதிர்த்து நின்றால், இரண்டு பக்கத் தள்ளலும் சமமாகிப் புயல் நடுவில் மாட்டிக்கொள்ளும். கயிறிழுப்பில் இரு பக்கமும் சம பலம் என்றால் நடுக்கயிறு அசையாது, அதுபோல. இந்த நிலையை, காற்றோட்டத்தைக் கணக்கிட்டுப் புயலின் பாதையைச் சொல்லும் கணினி மாதிரிகளால் முன்கூட்டிப் பிடிப்பது மிகக் கடினம். வலுவான இழுப்பு இருந்தால் எல்லா மாதிரிகளும் ஏறத்தாழ ஒரே பாதையைக் காட்டும். இழுப்பு தளர்ந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை சொல்லும். அப்படிச் சிதறுவதே ஓர் எச்சரிக்கை. மாதிரிகள் சிதறும்போது ‘இது நின்றுவிடவும் கூடும்’ என்று உரக்கச் சொல்வதே நேர்மை. அந்த வாக்கியம் பொதுமக்களின் காதில் போதுமான அளவு விழவில்லை என்பது என் கருத்து.

24 மணி நேரத்துக்கு முன் சொல்லப்படும் புயல் மையத்தின் இடத்தில் அண்மை ஆண்டுகளின் சராசரிப் பிழை 80 கி.மீ.-க்கு அருகில் இருக்கிறது. முன்பிருந்ததைவிட இது பெரிய முன்னேற்றம். ஆனால் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையிலான தூரம் இருபது கி.மீ. சொச்சம். ஆகவே ‘மரக்காணமா, புதுச்சேரியா, கடலூரா’ என்று முதல் நாளே அறுதியிட்டுக் கேட்பது, அறிவியல் இன்று தர முடியாத ஒன்றைக் கேட்பது. வரைபடத்தில் மையம் போகக்கூடிய பரப்பைக் காட்டும் கூம்பை விட்டுவிட்டு நடுக்கோட்டை மட்டும் பார்க்கும் பழக்கம் ஊடகங்களுக்கு உண்டு; அதிகாரிகளுக்கும் உண்டு.

கடல் அறிக்கை சொன்னதும் படகுகள் செய்ததும்

இந்தக் கதையில் சரியாக நடந்த பகுதி கடல் பக்கத்தில் இருக்கிறது. அதனால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மீனவர்களுக்கான எச்சரிக்கை, வகையின் பெயரைச் சார்ந்து எழுதப்படுவதில்லை. ‘தென்மேற்கு வங்கக் கடலில் சூறாவளிக் காற்று மணிக்கு இத்தனை முதல் இத்தனை கி.மீ. வேகத்திலும், இடையிடையே இத்தனை கி.மீ. வேகத்திலும் வீசக்கூடும், கடல் கொந்தளிப்பாக இருக்கும், இந்த நாட்களில் இந்தப் பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம், ஆழ்கடலில் இருப்போர் கரை திரும்புக’ என்பதே அதன் வடிவம். பகுதி, நாள், வேகம், செய்ய வேண்டியது. தாழ்வு மண்டலமாக இருந்தபோதும் இதுதான், புயலானபோதும் இதுதான். எண்கள் மட்டும் கூடிக் குறையும். படகில் இருப்பவருக்கு 55 கி.மீ. காற்றுக்கும் 65 கி.மீ. காற்றுக்கும் இடையில் தப்பிக்கும் வாய்ப்பு ஒன்றும் கூடிவிடாது. பைபர் படகு இரண்டிலும் கவிழும்.

ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதோடு அலை உயரக் கணிப்பையும் தருகிறது. அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ‘அலை உயரம் 3 மீட்டர்’ என்றால் எல்லா அலையும் மூன்று மீட்டர் என்று பொருள் அல்ல. வருகிற அலைகளில் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. அதே கடலில் இடையிடையே ஒரு தனி அலை அதைப்போல் இரண்டு மடங்கு வரை எழும். படகைக் கவிழ்ப்பது அந்த ஒன்று. இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட நேரமும் முக்கியம். பக்கத்துக் காற்று எழுப்பும் அலை சில நொடிகளுக்கு ஒன்றாக அடித்து நெருக்கும். தொலைவில் பிறந்து வரும் அலை பன்னிரண்டு நொடிக்கு மேல் இடைவெளி விட்டு வரும். நடுக்கடலில் சாதுவாகத் தெரியும், கரையை நெருங்கும்போது உயர்ந்து முகத்துவாரத்தில் உடையும். புதுச்சேரியின் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தின் முகத்துவாரம் மணல் சேர்ந்து அடிக்கடி தூர்ந்துபோகிற இடம். ஆழம் குறைந்த அந்த வாயிலில் அலை உடையும் நாளில் விசைப்படகை உள்ளே கொண்டுவருவதைவிட ஆபத்தான வேலை இந்தக் கரையில் குறைவு. எச்சரிக்கை வந்தவுடன் திரும்புகிறவர்களுக்கும் கடைசி நேரத்தில் திரும்புகிறவர்களுக்கும் இடையிலான வேறுபாடு அந்த வாயிலில்தான் தெரியும்.

இந்த முன்னெச்சரிக்கைக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. 2017 நவம்பர் 29-இல் இலங்கையின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, மறுநாளே கன்னியாகுமரிக் கடலில் புயலாகிவிட்டது. அதற்குள் ஏராளமான படகுகள் ஆழ்கடலில் இருந்தன. கைப்பேசிச் சைகை கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கி.மீ.-க்கு மேல் எட்டுவதில்லை. செய்தி போய்ச் சேரவில்லை. அதன் பிறகே மீனவர் எச்சரிக்கையைப் பல நாட்களுக்கு முன்பே வெளியிடும் வழக்கம் உறுதிப்பட்டது. 2019-இல் செயற்கைக்கோள் வழியே ஆழ்கடலுக்குச் செய்தி அனுப்பும் ஜெமினி கருவி அறிமுகமானது. படகிலிருந்து செயற்கைக்கோள் வழியே தொடர்புகொள்ள உதவும் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர்கள் விசைப்படகுகளில் பொருத்தப்பட்டன. கடலுக்குச் செல்ல அனுமதிக்கும் டோக்கன் கொடுப்பதை மீன்வளத் துறை நிறுத்தினால் விசைப்படகு கிளம்பாது என்ற ஏற்பாடும் இருக்கிறது.

2024 நவம்பரில் இவை வேலை செய்தன. தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோனாங்குப்பம், வீராம்பட்டினம், வைத்திக்குப்பம் என இந்தக் கரையின் குப்பங்களில் பைபர் படகுகள் மேட்டுக்கு இழுத்து வைக்கப்பட்டன. ஒரு வாரத்துக்கும் மேல் வருமானம் இல்லை. அந்த இழப்பை ஏற்றுக்கொண்டுதான் மீனவர்கள் கரையில் இருந்தார்கள். ‘புயல் இல்லையாம்’ என்ற செய்தி 28-இல் பரவியபோதும் கடலுக்கான தடை தளரவில்லை; தளர்த்தியிருந்தால் 29-ஆம் தேதி பிற்பகலில் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது. முன்னறிவிப்பு தவறிய நிகழ்வாக மட்டும் ஃபெஞ்சலைப் பதிவு செய்பவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். செய்தியில் ‘கடலூரில் இந்த எண் கூண்டு’ என்று வரும்போது எண் கூடினால் ஆபத்து கூடியது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஓரளவுதான் அது சரி. 1, 2 எண்கள் தொலைவில் உருவாகியிருப்பதைச் சொல்பவை. 3, 4 எண்கள் துறைமுகத்தைத் தாக்கக்கூடிய மோசமான வானிலைக்கு. 5, 6, 7 மூன்றும் ஒரே தர ஆபத்து. வேறுபாடு திசையில் மட்டும். புயல் துறைமுகத்தைத் தனக்கு இடப்புறம் விட்டுக் கடந்தால் 5, வலப்புறம் விட்டுக் கடந்தால் 6, துறைமுகத்தின் மேலாகவோ மிக அருகிலோ கடந்தால் 7. தீவிரப் புயலுக்கு இதே வரிசையில் 8, 9, 10. தகவல் தொடர்பே அறுந்துவிட்டால் 11. கடலோடிகளுக்காக வகுத்த இந்தக் குறியீட்டில் மழையைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. நகரவாசி இதைப் பார்த்துத் தன் தெருவில் நீர் ஏறுமா என்று கணிக்க வழியே இல்லை.

தானேயோடு வைத்துப் பார்த்தால்

2011 டிசம்பர் 30 காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. மிகத் தீவிரப் புயல். காற்று மணிக்கு 120 முதல் 140 கி.மீ. பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. முந்திரி மீண்டும் காய்க்க ஆண்டுகள் ஆகும். பலா அதைவிட நாள் பிடிக்கும். ஒரு தலைமுறையின் சேமிப்பு ஒரே காலையில் தரையில் கிடந்தது. கடலூர் மாவட்டத்தில் இன்றும் எந்தப் புயலைப் பற்றிய பேச்சும் ‘தானே அளவுக்கு வருமா?’ என்ற கேள்வியில்தான் தொடங்குகிறது.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். 130 கி.மீ. காற்று, 80 கி.மீ. காற்றைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் விசையோடு மரத்தையும் கூரையையும் தள்ளும். ஆகவே காற்றை அளவுகோலாக வைத்தால் ஃபெஞ்சல், தானேயின் அருகில்கூட வராது. 2020 நவம்பர் 25 நள்ளிரவில் புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணம் அருகில் கடந்த நிவரும் 120 – 130 கி.மீ. வேகத்தில் வந்தது, அது நகர்ந்துகொண்டே இருந்ததால் கடந்து போய்விட்டது. இந்த இரண்டு நினைவுகளும் சேர்ந்து ‘புயல் என்றால் காற்று’ என்ற எண்ணத்தை நம் மனதில் பதித்துவிட்டன. 70 – 80 கி.மீ. என்று கேட்டதும் பலர் நிம்மதியடைந்தது அதனால்தான்.

மழைக் கணக்கு காற்றைச் சார்ந்ததல்ல. ஓரிடத்தில் விழும் மொத்த மழை, மழையின் தீவிரத்தையும் அது நீடிக்கும் நேரத்தையும் பெருக்கினால் வருவது. தாழ்வு மண்டலமாக இருந்தாலும் கடலிலிருந்து ஈரக்காற்றை இழுத்துக்கொண்டே பத்துப் பதினைந்து மணி நேரம் ஒரே இடத்தில் நின்றால் தீவிரப் புயல் தராத மழையைத் தரும். ஒரு சதுர கி.மீ. பரப்பில் 48 செ.மீ. மழை என்றால் 48 கோடி லிட்டர் தண்ணீர். வாய்க்கால்கள் ஆக்கிரமிப்பிலும் குப்பையிலும் குறுகிவிட்ட நகரம் அதை எங்கே அனுப்பும்? ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர், வெங்கட்டா நகர் ஆகியவை ஒவ்வொரு பெருமழையிலும் மூழ்கும் தாழ்வான பகுதிகள். இம்முறை நீர் வீடுகளுக்குள் ஆளுயரத்தை நோக்கி ஏறியது.

கரையில் நின்றபடி மையத்தை அறிவது

அறிக்கைக்கும் அறிக்கைக்கும் இடையில் மூன்று மணி நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் மின்சாரமும் கைப்பேசிச் சைகையும் போய்விடலாம். அப்போதும் கையில் இருக்கும் ஒரே தகவல் காற்றின் திசை. டச்சு வானிலையாளர் பைஸ் பாலட் 1857-இல் சொன்ன விதி இன்றும் பயன்படும்: வட அரைக்கோளத்தில் காற்றை முகத்தில் வாங்கி நின்றால் தாழ்வழுத்த மையம் உங்கள் வலது கைப்பக்கம், சற்றுப் பின்னே தள்ளி இருக்கும். வாடை, அதாவது வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் காற்று, வலுத்தால் மையம் கிழக்கே, தென்கிழக்கே கடலில் இருக்கிறது. அதே திசையில் நின்று காற்று ஏறிக்கொண்டே போனால் அது உங்களை நோக்கி வருகிறது. வாடை மாறி மேற்கிலிருந்து வீசத் தொடங்கினால் மையம் உங்களுக்கு வடக்கே கடக்கிறது. கொண்டலாக மாறிக் கிழக்கிலிருந்து வீசினால் தெற்கே கடக்கிறது. மையம் நேர் தலைக்கு மேல் வந்தால் காற்று திடீரென அடங்கி, பிறகு தெற்கிலிருந்து திரும்ப அடிக்கும். அடங்கியதும் வெளியே வந்து அடிபடுகிறவர்கள் உண்டு.

கடல் நீர் எங்கே ஏறும் என்பதும் இதிலேயே தெரிகிறது. மேற்கு நோக்கி வரும் புயலின் வடபக்கத்தில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். தென்பக்கத்தில் கரையிலிருந்து கடலுக்கு. புதுச்சேரி அருகே கடக்கும் புயலில் மரக்காணம் பக்கம் நீரும் மழை மேகமும் குவியும். கடலூர்ப் பக்கம் ஒப்பீட்டளவில் குறையும். 48-உம் 50-உம் புதுச்சேரியிலும் மயிலத்திலும் பதிவானதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். இருபது கி.மீ. தெற்கே கடந்திருந்தால் கணக்கு வேறாகியிருக்கும். காற்றின் திசையை வாசிப்பது குப்பங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். பள்ளிப் பாடத்தில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் நகரத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும்.

இரண்டாவது வெள்ளம்

கடலூருக்கு அடி, புயல் போன பிறகுதான் விழுந்தது. ஊத்தங்கரையிலும் திருவண்ணாமலைப் பக்கத்திலும் பெய்த மழை தென்பெண்ணையில் இறங்கியது. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிடப்பட்டது. வினாடிக்கு ஏறத்தாழ 48 லட்சம் லிட்டர். அந்த நீர் விழுப்புரத்தைக் கடந்து கடலூரில் பெண்ணையாற்றங்கரை ஊர்களுக்குள் புகுந்தது. வானம் வெளுத்துவிட்டது, காற்று ஓய்ந்துவிட்டது, புயல் செய்தி முடிந்துவிட்டது என்று மக்கள் மூச்சுவிட்ட நேரத்தில் வீட்டுக்குள் ஆறு வந்தது. அணை திறப்பு எச்சரிக்கை எப்போது வந்தது, போதுமானதாக இருந்ததா என்ற அரசியல் விவாதம் பெரிதாக நடந்தது. அதற்குள் நான் போகவில்லை. புயல் அறிக்கை கரையைக் கடந்த புள்ளியோடு முடிந்துவிட்டது என்ற எண்ணமே நிலத்தில் இருப்பவர்களை ஏமாற்றுகிறது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். கரையைக் கடந்த பின்னான நிலைமையைச் சொல்லும் நான்காம் கட்ட எச்சரிக்கை வானிலைத் துறையின் நடைமுறையிலேயே இருக்கிறது. முன்னெச்சரிக்கைக் கண்காணிப்பு, 48 மணி நேரத்துக்கு முந்தைய விழிப்பு, 24 மணி நேரத்துக்கு முந்தைய எச்சரிக்கை ஆகிய மூன்றுக்கும் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட அதற்குக் கிடைப்பதில்லை.

இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மழை விழுந்த மலையடிவாரமும் அணையும் பெரும்பாலான ஆற்றுப்போக்கும் தமிழகத்தில் இருக்கின்றன. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் பாகூர்ப் பக்கத்து ஊர்கள் அதே ஆற்றின் கீழே இருக்கின்றன. செஞ்சிப் பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணியும் இப்படித்தான். இரண்டு நிர்வாகங்கள், இரண்டு கட்டுப்பாட்டு அறைகள், ஒரே தண்ணீர். நிவாரணமும் தனித்தனியே அறிவிக்கப்பட்டது: புதுச்சேரியில் குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய், தமிழகத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய். ஆற்றின் இரு கரையில் நின்ற அண்டை வீட்டார் இதைப் பேசித் தீர்க்கவில்லை.

அறிக்கையில் சேர வேண்டியவை

கடலுக்கான எச்சரிக்கை வடிவம் ஏன் வேலை செய்தது என்று பார்த்தால் நிலத்துக்கு என்ன தேவை என்பது புரிகிறது. அது பகுதியையும் நாளையும் செயலையும் சொன்னது. வகை மாறினாலும் செயல் மாறவில்லை. நிலத்துக்கான அறிக்கையும் அப்படி எழுதப்பட வேண்டும். ‘புயலாக வலுப்பெறக்கூடும்’ என்ற வரி மேலே வருவதற்குப் பதில், நகரும் வேகம் முதல் வரியில் வரட்டும். கடந்த ஆறு மணி நேரத்தில் மணிக்கு எத்தனை கி.மீ. நகர்ந்தது என்பது அறிக்கையின் உள்ளே இருக்கத்தான் செய்கிறது. யாரும் அதைத் தலைப்பாக்குவதில்லை. மணிக்கு பத்து கி.மீ.-க்குக் கீழே வந்துவிட்டால் அதைக் காற்று வேகத்துக்கு இணையான ஆபத்தாக அறிவிக்கலாம். மாதிரிகள் சிதறினால் சிதறுகின்றன என்று சொல்லலாம். மக்கள் அதைத் தாங்கமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ‘வரும், வராது, வரும்’ என்று மூன்று நாளில் மூன்று முறை மாற்றிச் சொல்வதைவிட ‘இன்னும் தெளிவில்லை, இரண்டுக்கும் ஆயத்தமாக இருங்கள்’ என்பது நம்பிக்கையைக் காக்கும்.

அடுத்தது ஆறு. மழை எச்சரிக்கை மாவட்டம் மாவட்டமாக நிறம் பூசி வருகிறது. தண்ணீர் மாவட்ட எல்லையில் நிற்பதில்லை. தென்பெண்ணை, சங்கராபரணி, கெடிலம் என்று ஆற்றுவாரியாக ‘மேற்பகுதியில் இத்தனை மழை, கீழே இத்தனை மணி நேரத்தில் வந்து சேரும்’ என்ற கணக்கு, புயல் கரையைக் கடந்த பின் குறைந்தது மூன்று நாட்களுக்காவது, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒரே அறிக்கையாகப் போக வேண்டும். வானிலைத் துறையின் மழை எண்களும் அணைகளின் நீர்வரத்து எண்களும் ஏற்கெனவே தனித்தனியே வெளியாகின்றன. அவற்றை ஒரே தாளில் சேர்ப்பதற்குப் புதிய ராடார் எதுவும் வேண்டியதில்லை. புயல் காலத்தில் நாளுக்கு எட்டு முறை வரும் அறிக்கையில் இதற்கு இரண்டு வரி போதும்.